சிங்கப்பூரில் வாங்கிய சைக்கிளும் கட்டுநாயக்கவில் கட்டிய வரியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு அந்த மண் தெரியும். ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலம் வரை சுகமான தார் வீதி. பாலம் கடந்து கொக்கட்டிச்சோலையும் கழிந்து வயல்களுக்குள் இறங்கினால் கிறவல் மண் வீதி; மாரி காலத்தில் சேறு. 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் வாவியைக் கடக்க ‘பாதை’ என்கிற மிதவைப் படகு வரும்வரை காத்து நிற்க வேண்டும். இப்போது நினைத்த நேரம் போய் வரலாம், அதனாலேயே எனக்கு அந்தப் பக்கம் போகிற ஆசை கூடிவிட்டது. அந்தக் கிறவலுக்கு அகலமான டயர் வேண்டும், ஈரத்தில் பிடிக்கிற டிஸ்க் பிரேக் வேண்டும், எல்லாவற்றையும் விட என் உயரத்துக்குப் பொருந்துகிற சின்னச் சட்டகம் வேண்டும். மட்டக்களப்பு டவுனிலும் தேடினேன், கல்முனையிலும் தேடினேன். பெண்களுக்கென்று வைத்திருப்பவை முன்னால் கூடை பூட்டியவை. கியர் உள்ளவை எல்லாம் உயரமான ஆண்களுக்கானவை. சிங்கப்பூரில் இருக்கிற சித்தியின் மகள் வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, அங்கேயே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையோடு இந்தக் கணக்கு முடியாது. அங்கே ஒரு வரி, இங்கே பல வரி, நடுவில் விமானப் பொதிக் கட்டணம், கொழும்பில் இருந்து ஊருக்குக் கொண்டு வரும் செலவு. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்குள் போனேன்.

சிங்கப்பூரில் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் எடுக்கிற ஜிஎஸ்டி வரி 2024 ஜனவரியில் இருந்து 9 சதவீதம். சுற்றுலாப் பயணிகள் அதைத் திரும்பப் பெறலாம். கடை அந்த வரி திருப்பிக் கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், வாங்கியது 100 சிங்கப்பூர் டொலருக்குக் குறையக் கூடாது, வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருளோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பில் போடும்போதே கடவுச்சீட்டைக் காட்டிவிட வேண்டும். சைக்கிள் மாதிரிப் பெரிய பொருள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது: சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் பண்ண முதல் வரியைத் திரும்பக் கேட்கிற வேலையை முடிக்க வேண்டும், ஏனென்றால் சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம். பெட்டி உள்ளே போன பிறகு காட்ட எதுவும் இருக்காது. சேவைக் கட்டணம் கழித்து மீதியைத் தருகிறார்கள். அந்தப் பணத்தை அப்படியே இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கட்ட வேண்டிய வரிக்கு என்று எடுத்து வைத்தேன்.

பொதி கட்டுவதைக் கடைக்காரரே செய்து தந்தார். முன்சக்கரம், பெடல் இரண்டும் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பி, முன் கவைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கட்டை வைத்து, புதுச் சைக்கிள் வந்த அட்டைப் பெட்டியிலேயே அடைத்தார். பக்கத்தில் மின்சார சைக்கிள் ஒன்று மலிவாக இருந்தது. அதன் பக்கம் நான் போகவில்லை. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டு வர முடியாது. சுங்க வரிப் பட்டியலிலும் அது வேறு சாதி: மிதிக்கிற சைக்கிள் 8712 என்ற தலைப்பில் வரும், மோட்டார் பூட்டியது மோட்டார் சைக்கிள்களோடு 8711இல் போய்விடும்.

புறப்பட முதல் தெரிந்த ஒருவர், பில்லை விலை குறைத்து எழுதி வாங்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். மொடல் பெயர் சட்டகத்திலேயே பெரிதாக எழுதியிருக்கிறது, அதிகாரி கைபேசியில் தேடினால் உண்மை விலை அரை நிமிடத்தில் வந்துவிடும். பிடிபட்டால் பொருளும் போகும், தண்டமும் விழும். அதை விட, ஒழுங்காக வரி கட்டிய சைக்கிளில்தான் எனக்கு நிம்மதியாக ஓட முடியும்.

கட்டுநாயக்கவில் வரி கட்ட வேண்டிய பொருள் உள்ளவர்கள் போகிற சிவப்பு வழிக்கு நேரே போனேன். எனக்கு முன்னால் குவைத்தில் இருந்து திரும்பிய அக்கரைப்பற்று அக்கா ஒருவர், கயிறு கட்டிய பெட்டிகளோடு நின்றார்.

“தங்கச்சி, சைக்கிளுக்குமா வரி எடுக்கிறாங்க?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா. கொஞ்ச நாள்தான் வெளியில நிண்டன், எனக்குக் கழிவு குறைவு.”

“எனக்கு வருசக் கணக்கு. கூடக் கழிப்பாங்க எண்டு சொன்னாங்க.”

அவர் சொன்னது சரி. கழிவு என்பது வரியில்லாமல் கொண்டு வரக்கூடிய பெறுமதி; அது வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தோம் என்பதைப் பொறுத்தது. 90 நாள், 365 நாள் என்று படிகள் இருக்கின்றன. சுற்றிப் பார்க்கப் போய் வருகிற என் போன்றவர்கள் ஆகக் கீழ்ப்படியில். பாலைவனத்து வீடுகளில் வருடக் கணக்காக உழைத்து வருகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது நியாயம், இன்னும் கூடக் கொடுக்கலாம் என்பதே என் எண்ணம்.

அதிகாரி பில்லையும் கடவுச்சீட்டில் இருந்த முத்திரைகளையும் பார்த்தார். பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து சட்டக இலக்கத்தைப் பில்லோடு ஒப்பிட்டார். கழிவு போக மிச்சத்துக்குக் கணக்குப் போட்டார். வெளிநாட்டில் இருந்து வரும் பொருளுக்குப் பொதுவாகச் சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, பொருளைப் பொறுத்துச் செஸ் என்கிற மேலதிக வரி, 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரி, கடைசியில் வற் எனும் பெறுமதி சேர் வரி என்று ஒன்றன் மேல் ஒன்றாக வரும். வற் 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதம். இந்த 18 எதன் மேல் விழுகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வழமையான இறக்குமதிக் கணக்கில் பொருளின் விலையும் ஏற்றுக்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதி 100,000 ரூபா என்று வைப்போம். அதோடு 10 சதவீதம் கூட்டுவார்கள். தீர்வை, செஸ், விமான நிலைய வரி ஆகியவை ஒரு பேச்சுக்கு 30,000 என்றால் அதையும் கூட்டுவார்கள். வற் 140,000 ரூபாவுக்கு, அதாவது 25,200 ரூபா. வரிக்கு மேல் வரி. சிங்கப்பூரில் திரும்ப வாங்கிய 9 சதவீதத்தை வைத்துச் சந்தோசப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கட்டியது ஊரில் ஒரு சாதாரண சைக்கிளின் விலைக்குக் கிட்ட வந்தது. வீட்டில் போட்ட கணக்கோடு பொருந்தியதால் கை நடுங்காமல் எண்ணிக் கொடுத்தேன்.

பெட்டியை வான் வண்டியில் ஏற்றிக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குக் கொண்டு போய், பார்சல் கந்தோரில் பதிந்து ரயில் காட் இருக்கிற பெட்டியில் போட்டேன். பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனாணை, வாழைச்சேனை என்று அது என்னோடு ஒரே ரயிலில் வந்தது. மட்டக்களப்பில் எங்கள் சைக்கிள் திருத்துகிற மாமா ஒவ்வொரு நட்டாகப் பூட்டிக்கொண்டு, “என்ன புள்ள, பெல் இல்லாமலா விக்கிறானுகள்?” என்று கேட்டுத் தன் பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்துப் பூட்டினார்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே வரிசையில் நின்றபோது ஆசிரியர்களும் தாதிகளும் வேலைக்குப் போனது சைக்கிளில். அந்த நேரம் சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் கேட்காத, புகை விடாத ஒரு வண்டிக்கு இத்தனை அடுக்கு வரி வேண்டியதில்லை. பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் ஏற்ற சட்டகம் இங்கே கிடைக்காத வரைக்குமாவது ஒரு சலுகை வேண்டும்.

சந்தைக்கும் பள்ளிக்கும் போக என்றால் வெளிநாட்டில் வாங்க வேண்டாம். இங்கே செய்கிற லுமாலா சைக்கிள் போதும், உதிரிப்பாகமும் ஏறாவூரிலேயே கிடைக்கும். இங்கே கிடைக்காத அளவோ வகையோ தேவைப்பட்டால் மட்டும் இந்தச் செலவு தகும். வாங்கியவர்கள் பில்லையும் சுங்கப் பற்றுச்சீட்டையும் சட்டக இலக்கம் தெரிகிற படத்தோடு சேர்த்து வையுங்கள். காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. தமிழ்நாட்டுக்குச் சைக்கிளைக் கொண்டு போகும் எண்ணம் எனக்கு உண்டு. அப்படிக் கொண்டு போகிறவர்கள் இங்கிருந்து வெளியேறும்போதே அந்தத் தாள்களைச் சுங்கத்தில் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது, அதே சைக்கிளுக்கு ஏற்கெனவே வரி கட்டியதை முதலில் இருந்து நிரூபிக்க வேண்டி வரும்.