ஹில்டஸ்ஹைமில் புனித பெர்ன்வார்டின் கல்லறை

அப்பா நகைப் பட்டறையில் ஊதுகுழலோடு ஆயுசைக் கழித்தவர். பொற்கொல்லர்களுக்குப் பாதுகாவலராக ஒரு புனிதர் இருக்கிறார், அவர் ஓர் ஆயர் என்று தெரிந்த நாளிலிருந்து, அவர் கல்லறையில் அப்பாவுக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும் என்று மனசில் கிடந்தது. ஜெர்மனிக்கு வந்த இடத்தில் ஹனோவரிலிருந்து ரயில் ஏறினேன், அரை மணி நேரத்தில் ஊர் வந்துவிட்டது.

பெர்ன்வார்டு 993 முதல் 1022 வரை இங்கே ஆயர். சிறுவனாக இருந்த ஜெர்மானிய மன்னர் மூன்றாம் ஓட்டோவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். எழுத்து, ஓவியம், உலோக வேலை எல்லாவற்றிலும் அவருக்குக் கைப்பழக்கம் இருந்தது என்று அவருடைய ஆசிரியர் தாங்மார் எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் பேராலயத்துக்குப் போய் பெர்ன்வார்டு 1015-இல் செய்வித்த வெண்கலக் கதவுகளைப் பார்த்தேன். உயரம் 4.7 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு கதவும் ஒரே வார்ப்பு. உலோகம் உறைவதற்குள் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்ப வேண்டும், ஒரு மோதிரம் வார்ப்பதற்கே அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடது கதவில் ஆதாமின் கதை மேலிருந்து கீழே இறங்கி, காயீன் தம்பியைக் கொல்வதில் முடிகிறது. வலது கதவில், இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளுக்குச் சொன்ன மங்கள வார்த்தை அடியில் தொடங்கி, உயிர்த்த இயேசு மதலேன் மரியாளுக்குத் தோன்றுவது வரை மேலே ஏறுகிறது. இடது கதவின் ஒரு சித்திரக் கட்டத்தில், விலக்கிய கனியைத் தின்றது பற்றிக் கடவுள் ஆதாமைக் கேட்கிறார், ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். உருவங்களின் தலைகள் தகட்டை விட்டு முன்னே நீண்டு நிற்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த விரல்களே போதும். அங்கேதான் அதிக நேரம் நின்றேன், என்னையும் யாரோ கேட்பது போலவே இருந்தது.

1945 மார்ச் 22 குண்டுவீச்சில் பேராலயம் இடிந்தது, கதவுகளை முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் தப்பின.

அப்புறம் பெர்ன்வார்டு கட்டத் தொடங்கிய மிக்கேல் ஆலயம். மேலே லூத்தரன் சபையாரின் ஆலயம், கீழே நிலவறை கத்தோலிக்கருடையது. அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கல் பெட்டியின் மூடியில், என் மீட்பர் வாழ்கிறார் என்ற யோபுவின் சொற்கள். அப்பாவின் சாமணத்தைப் பையில் கொண்டு போயிருந்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பரலோக மந்திரம் சொன்னேன், அப்பா பெயரையும் சொன்னேன், கல்லில் ஒருமுறை தொட்டு எடுத்துக்கொண்டு படியேறினேன்.