அப்பாவோட ஹெரால்டுல கோயமுத்தூர் வரைக்கும்

வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர் வர்றப்போ எப்பவும் போல வண்டிய கொஞ்சம் மெதுவா விட்டேன், எங்க அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பொறந்த ஊரு அது. இன்னைக்கு சென்னைய கார் நகரம்னு பெருமையா சொல்றோம், ஆனா 1961-லயே வண்டலூர் பக்கத்துல இந்த வண்டிய செஞ்சு வெளிய விட்டாங்கன்னு சொன்னா நிறைய பேர் நம்பவே மாட்டேங்குறாங்க. இங்கிலாந்து ட்ரையம்ப் கம்பெனி வண்டி, டிசைன் பண்ணவர் மிக்கெலோத்தின்னு ஒரு இத்தாலிக்காரர், நம்ம ஊர்ல அதுக்கு ஸ்டாண்டர்டுன்னு பேரு. நாலு கதவு வச்ச ஹெரால்டு உலகத்துல வேற எங்கயும் கிடையாது, இங்க மட்டும்தான் செஞ்சாங்க. 1971-ல நிறுத்திட்டாங்க.

எங்க பழைய கார் க்ளப்ல இருந்து மொத்தம் ஒன்பது வண்டி. அம்பாசடர் மூணு, பியட் ரெண்டு, ஒரு கான்டெஸ்ஸா, பழைய மாருதி 800 ஒண்ணு, ஒரு வில்லிஸ் ஜீப், அப்புறம் நான். சனிக்கிழமை மியூசியம், ஞாயித்துக்கிழமை ஒரு காலேஜ் கிரவுண்டுல பழைய கார் ஷோ, இதுதான் பிளான். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வரைக்கும் வெயில் ஏறல, வண்டி அவ்ளோ அழகா போச்சு.

ஆத்தூர் தாண்டி வாழப்பாடி வர்றதுக்குள்ள வண்டி இழுக்க மாட்டேங்குது, ரெண்டு தடவ குலுக்கிட்டு நின்னே போச்சு. பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு இது தெரிஞ்ச வியாதிதான், வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும், சூடு ஏறி பெட்ரோல் பைப்லயே ஆவியாயிடும், பம்ப் எவ்ளோ அடிச்சாலும் ஆவிதான் போகுமே தவிர பெட்ரோல் கார்புரேட்டருக்கு போய்ச் சேராது. ஹெரால்டுல பானெட் முன்பக்கமா சாயும், மட்கார்டு ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மொத்த மூக்கும் அப்படியே கவுந்துடும், முன் டயர் மேலயே உக்காந்து வேலை பார்க்கலாம், அப்பா அப்படித்தான் உக்காருவாரு. நானும் உக்காந்து ஒரு துண்ட நனைச்சு பம்ப் மேல சுத்தி இருபது நிமிஷம் காத்திருந்தேன். பேட்டரியும் இறங்கிடுச்சுன்னு என் பொண்ணும் ஜீப்ல வந்த அண்ணனும் பின்னாடி நின்னு தள்ள, செகண்ட் கியர்ல கிளட்ச்ச விட்டதும் கிளம்பிருச்சு. அப்புறமும் சங்ககிரி கிட்ட ஒரு தடவ, பெருந்துறை கிட்ட ஒரு தடவ. அவிநாசி ரோட்டுல நுழையுறப்போ இருட்டிடுச்சு.

மறுநாள் ஜீடி கார் மியூசியம். ஜி.டி.நாயுடு குடும்பத்தோட சேகரிப்பு, 2015-ல மக்களுக்காக திறந்தாங்க. வரிசையா நிக்கிற வண்டிங்க எல்லாம் துடைச்சு வச்ச பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மின்னுது. ஃபோர்டு மாடல் டி, பீட்டில், சிட்ரோயன் 2சிவின்னு ஒவ்வொண்ணும் ஏன் முக்கியம்னு புரியுற மாதிரி வச்சிருக்காங்க. ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது 1886 பென்ஸ் மோட்டார்வேகனோட நகல் வண்டி முன்னாடிதான். மூணு சக்கரம், ஒரே சிலிண்டர், ஒரு குதிரைசக்தி கூட முழுசா கிடையாது.

என் பொண்ணுக்கு அங்கயே பெர்தா பென்ஸ் கதைய சொன்னேன். கார்ல் பென்ஸ் வண்டிய கண்டுபிடிச்சுட்டாரு, ஆனா வாங்க ஆளில்ல. 1888 ஆகஸ்ட்ல அவரோட மனைவி பெர்தா அவருகிட்ட சொல்லாமலே ரெண்டு பசங்கள ஏத்திக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருக்கற தன்னோட அம்மா வீட்டுக்கு கிளம்பிட்டாங்க, நூறு கிலோமீட்டருக்கு மேல. வழியில விஸ்லோக்னு ஒரு ஊர்ல மருந்துக்கடையிலதான் எரிபொருள் வாங்குனாங்க. பைப் அடைச்சப்போ தொப்பில குத்துற ஊசிய வச்சு குத்தி எடுத்தாங்க, பிரேக் கட்டை தேஞ்சப்போ தோல் வச்சு அடிக்க வச்சாங்க. மேட்டுல ஏறல, பசங்க இறங்கி தள்ளுனாங்க. அதுக்கப்புறம்தான் மேடு ஏற இன்னொரு கியர் வந்துச்சு. இத கேட்டுட்டு என் பொண்ணு "நேத்து நானும்தானே தள்ளுனேன்"ன்னா. எனக்கு அப்போ வந்த சந்தோஷத்த எழுத தெரியல. அப்பா எனக்கு பதினெட்டு வயசுல இந்த சாவிய குடுத்தப்போ, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு காருன்னு வீட்டுல எவ்ளோ சண்ட!

மத்தியானம் ஜி.டி.நாயுடு மியூசியம். பள்ளிக்கூடம் பிடிக்காத மனுஷன், ஒரு வெள்ளைக்காரர் வச்சிருந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிள பார்த்து ஆசப்பட்டு, கோயமுத்தூர் ஹோட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து, 300 ரூபாய் குடுத்து அத வாங்கி, முதல் வேலையா அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் போட்டுட்டாரு. அப்படி கத்துக்கிட்டவர்தான் 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டாரு. எலக்ட்ரிக் ரேசர்ல இருந்து பழச்சாறு பிழியுற மெஷின் வரைக்கும் அவர் கை படாத சாமான் இல்ல. கழட்டிப் பார்க்க பயப்படாத கைதான் அவர்கிட்ட எனக்கு பெருசா தெரியுது. எங்க அப்பா தலைமுறை மெக்கானிக்குங்ககிட்டயும் அந்த கை இருந்துச்சு, அவங்க ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க, அவங்க விரலுக்கு தெரிஞ்சது எந்த புஸ்தகத்துலயும் இல்ல. இதத்தான் நான் க்ளப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், பாலிஷ் போடுறத விட்டுட்டு அவங்க பக்கத்துல போய் உக்காருங்கன்னு.

ஞாயித்துக்கிழமை ஷோல யெஸ்டி, ராஜ்தூத், லேம்ப்ரெட்டா, மோரிஸ் மைனர்னு கிரவுண்டு ரொம்பிடுச்சு. என் பானெட்ட கவுத்து வச்சதும் சின்ன பசங்க கூட்டம். அதுல பின்னாடி நின்ன ஒரு பெரியவர், முன்னாடி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருந்தவராம், கேக்காமயே குனிஞ்சு பம்போட சின்ன லீவர விரலால ரெண்டு தடவ அமுக்கிப் பார்த்தாரு. "சூடு மட்டுமில்லீங்க அம்மிணி, டயாஃப்ரம் சத்து போயிருச்சுங்க"ன்னாரு. பம்புக்குள்ள பெட்ரோல இழுத்து தள்ளுற ரப்பர் சவ்வத்தான் அப்படி சொன்னாரு. இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர தின்னுடும்னு சொல்லிட்டு, வீட்டுக்கு போய் ஒரு பிஸ்கட் டின்ன எடுத்துட்டு வந்தாரு. எண்ணெய்த்தாள்ல சுத்தின புது டயாஃப்ரம், பம்போட கண்ணாடிக் கிண்ணத்துக்கு வாஷர், எல்லாம் அதுல இருந்துச்சு. காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு.

வேப்பமரத்தடியில அவர் சொல்லச் சொல்ல நானும் என் பொண்ணும் மாட்டுனோம். பம்ப கழட்டுறதுக்கு முன்னாடி மேல் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் சேர்த்து அரத்தால ஒரு கீறல் போடச் சொன்னாரு, திரும்ப மாட்டுறப்போ கோடு நேரா வரணும். ஸ்க்ரூவ எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், லீவர அமுக்கி பிடிச்சுக்கிட்டே கடைசி முறுக்கு, இல்லன்னா டயாஃப்ரம் இழுபட்டு கிழிஞ்சிடும். முடிச்சுட்டு லீவர அடிச்சா கண்ணாடியில பெட்ரோல் மெதுவா மேல ஏறுச்சு, நுரை இல்லாம.

திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல வாழப்பாடிய தாண்டுனோம். பொண்ணு நனைஞ்ச துண்ட மடியிலயே வச்சிருந்தா, அதுக்கு வேலை வரல.