‘ள்’ இல்லாத யூனியா

ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று கருதி வேகமாகக் கடந்துவிடுவது நம் சபைகளில் வழக்கம். அதன் 7ஆம் வசனத்தில் அன்றோனீக்கு, யூனியா என்ற இருவரைப் பவுல் வாழ்த்துகிறார். அவர்கள் தம் இனத்தார், தம்மோடு காவலில் கட்டுண்டவர்கள், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள், தமக்கு முந்திக் கிறிஸ்துவுக்குட்பட்டவர்கள் என்று நான்கு சிறப்புகளை அவர் சொல்கிறார். இந்த யூனியா ஒரு பெண் என்பதை ஏற்க மனமில்லாதவர்கள் அவருக்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

கிரேக்கத்தில் இந்தப் பெயர் செயப்படுபொருள் வேற்றுமையில் வருகிறது. அந்த வடிவத்தில் ஆண் பெயருக்கும் பெண் பெயருக்கும் எழுத்துகள் ஒன்றே. மேலே இடப்படும் அசைக்குறி, அதாவது எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று காட்டும் குறி, மட்டுமே வேறுபடும். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அசைக்குறிகளே இல்லை என்பதால், குறியிடுகிறவரின் முடிவே யூனியாவின் பாலையும் முடிவு செய்துவிடுகிறது. இருப்பினும் இது இரு பக்கமும் சமமாக நிற்கும் ஐயம் அன்று. யூனியா என்ற பெண் பெயர் ரோம நகரத்துக் கல்வெட்டுகளில் மட்டுமே 250 முறைக்கு மேல் காணப்படுகிறது. யூனியாஸ் என்ற ஆண் பெயரோ, யூனியானுஸ் என்பதன் சுருக்கமாக இருக்கலாம் என்று ஊகிக்கப்பட்டதே தவிர, பழங்காலச் சான்று ஒன்றில்கூட அகப்படவில்லை.

4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சபைப் பிதாவான யோவான் கிறிசோஸ்தோம் கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். பெண்கள் குருத்துவப் பணி ஏற்பதை ஆதரித்தவரும் அல்லர். அவரே இந்த வசனத்தை விளக்கும்போது, அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியாக எண்ணப்படும் அளவுக்கு இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரியதாயிருந்திருக்க வேண்டும் என்று வியக்கிறார். தமக்கு வசதியில்லாத செய்தியையும் மூலத்தில் உள்ளபடியே சொன்ன அந்த நேர்மை பிற்காலத்தில் தளர்ந்துபோனது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதிய ரோமின் ஜைல்ஸ், இருவரையும் ஆண்களாகக் குறித்த முதல் உரையாசிரியர் என்று பொதுவாகக் கருதப்படுகிறார். லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இந்தப் பெயருக்கு முன் ஆண்பால் சுட்டை, அதாவது பெயரின் பாலைக் காட்டும் சிறு சொல்லை, சேர்த்தார். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கிலத் திருப்புதல் யூனியாவைப் பெண் பெயராகவே வைத்திருந்தது. 1946இல் வந்த ஆர்.எஸ்.வி. என்ற ஆங்கிலத் திருப்புதலின் புதிய ஏற்பாடோ, மூலத்தில் இல்லாத ‘ஆண்கள்’ என்ற சொல்லையே இந்த வசனத்துக்குள் நுழைத்தது. மொழிபெயர்ப்பாளர்கள் நம்பிப் பயன்படுத்திய நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் ஆண்பாற் குறிக்கு மாறியது. 1998ஆம் ஆண்டின் மறுஅச்சில்தான் பெண்பாற் குறி திரும்ப வந்தது. 1977இல் பெர்னடெட் புரூட்டன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையும் 2005இல் எல்டன் எப் என்ற ஆய்வாளர் வெளியிட்ட நூலும் இந்த வரலாற்றை விரிவாக எடுத்துக் காட்டின.

பெண் என்பது நிலைபெற்ற பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 2001இல் வெளியான ஈ.எஸ்.வி. என்ற ஆங்கிலத் திருப்புதல் யூனியா என்ற பெயரை ஏற்றுக்கொண்டு, ‘அப்போஸ்தலருக்குள்’ என்பதை ‘அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்கள்’ என்னும் பொருள்பட மாற்றியது. இதற்கு இலக்கண வாதம் உண்டு; அதை முன்வைத்தவர்கள் கிரேக்க எடுத்துக்காட்டுகளைத் திரட்டித்தான் பேசுகிறார்கள், மறுப்பவர்களும் அப்படியே. ஆனால் யூனியாஸ் என்று ஓர் ஆண் அங்கே நின்றவரை, அவர் அப்போஸ்தலருள் ஒருவர் என்ற பொருளைப் பெரும்பாலோர் தயக்கமின்றி ஏற்றிருந்தார்கள். பெண் திரும்பி வந்தவுடன் வேற்றுமை உருபின் மேல் ஐயம் வலுத்ததைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழில் 1871ஆம் ஆண்டின் பழைய திருப்புதல், அதாவது பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு, ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்’ என்று மூலத்துக்கு நெருக்கமாகவே சொல்கிறது. ஆயினும் அதே அதிகாரத்தில் மரியாள், பிரிஸ்கில்லாள், திரிபேனாள், யூலியாள் என்று பெண்களின் பெயர்கள் ‘ஆள்’ என்று முடிய, ‘யூனியாவையும்’ என்ற வடிவம் மட்டும் ஆக்கில்லா, ஒலிம்பா என்ற ஆண்களின் பெயர்களோடு ஒத்து நிற்கிறது. இது எண்ணிச் செய்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழில் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு அங்கே ஒரு பெண் இருக்கிறார் என்பதற்கான எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. ‘அவர்கள்’ என்ற பலர்பால் எஞ்சிய வாய்ப்பையும் மூடிவிடுகிறது. யூனியாள் என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல் குறிப்பிடுகிற பெபேயாள் என்ற பெண்ணின் விஷயத்தில் தமிழ் திருப்புதல் ஆங்கிலத்தைவிட நேர்மையாக நடந்துகொண்டது. பவுலையும் அப்பொல்லோவையும் குறிக்கும் அதே கிரேக்கச் சொல் பெபேயாளுக்கு வரும்போது கிங் ஜேம்ஸ் அதைப் ‘பணிப்பெண்’ என்ற அளவுக்குக் குறைத்தது; தமிழோ 1 கொரிந்தியர் 3:5இல் ஆண்களை ‘ஊழியக்காரர்’ என்றும், இங்கே பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்றும் ஒரே மதிப்பில் வைத்தது. ஊழியக்காரி என்ற சொல்லுக்குச் சபைத் தமிழில் இன்றும் கனம் உண்டு. பவுலின் கையிலிருந்து ரோமாபுரிக்கு அந்த நிருபத்தை எடுத்துச் சென்றவர் அவரே என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.