குரூப் 4 படிப்பு: எதைப் போனில் பார்ப்பது, எதைத் தாளில் படிப்பது

டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதி வேலைக்கு வந்ததிலிருந்து, குடியாத்தம், காட்பாடி பக்கம் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, புத்தகம் வாங்கணுமா, பிடிஎஃப் போதுமா?" இரண்டும் வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. தேடுவதற்குப் பிடிஎஃப், மனதில் ஏற்றுவதற்குத் தாள். நான் அப்படித்தான் படித்தேன்.

இந்தத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பள்ளிப் பாடநூல்கள் எல்லாமே அரசின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. முதலில் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளில் தொடங்கிப் பாடத்திட்டமே மாறிவிட்டது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பதும், சில நூலக அலமாரிகளில் இருப்பதும் அதற்கு முந்தைய புத்தகமாக இருக்கலாம். முன்பக்கத்தில் பதிப்பாண்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பிடிஎஃப்பில் ஒரு சிக்கல் உண்டு. பல பாடநூல் கோப்புகளில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் எதுவும் வராது, எழுத்துரு யுனிகோடு இல்லை என்பதால். அதற்கு நான் கண்டுகொண்ட வழி, ஆண்டைத் தேடுவது. எண்கள் பெரும்பாலும் சிக்கிவிடும். நம்ம ஊர் வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்வோம். 1806 என்று தேடினால் 8ஆம் வகுப்பு வரலாற்றிலும் 10ஆம் வகுப்பு சமூக அறிவியலிலும் அந்தப் பகுதி வந்து நிற்கும். அப்படியும் வரவில்லையா, ஆங்கில வழிப் புத்தகத்தில் தேடிப் பாடத்தைக் கண்டுபிடித்து, தமிழ்ப் புத்தகத்தில் அதே பாடத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

அடுத்த வேலை தாளில். இரண்டு வகுப்புப் பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும். ஜூலை 10, புதிய தலைப்பாகை, தலைமைத் தளபதி ஜான் கிரடாக், கோட்டைக்குள் திப்புவின் குடும்பம், மூத்த மகன் ஃபதே ஹைதர், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி. கையால் எழுதியதால், கில்லெஸ்பி என்றதும் எனக்கு அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியே கண்ணில் வந்துவிடும். போனில் உருட்டிக்கொண்டே படித்ததற்கு அப்படி ஓர் இடம் மனதில் தங்கவில்லை. (வேலூர் மக்கான் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் புரட்சியின் நினைவுத் தூணைப் பார்த்து இதை ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். உள்ளூர்க்காரர்களுக்கு இது ஒரு வசதி.)

டெலிகிராமில் சுற்றும் தொகுப்புகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாரோ தட்டச்சு செய்ததில் ஆண்டு மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும். பாடநூலோடு ஒப்பிடாத ஒரு வரியைக்கூட உங்கள் குறிப்பில் ஏற்றாதீர்கள்.

சரி, எல்லாம் போனிலேயே இருக்கும்போது நூலகத்துக்கு எதற்குப் போக வேண்டும்? சித்திரை வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டிலோ ஷீட் போட்ட வீட்டிலோ உட்கார்ந்து படித்துப் பாருங்கள், தெரியும். மாவட்ட மைய நூலகத்தில் மேசை, மின்விசிறி, நாளிதழ்கள், நம்மைப் போலவே படிக்கிற நாலு பேர் எல்லாம் இருக்கிறது. இப்போதெல்லாம் அங்கே பாதிப் பேர் சொந்தப் புத்தகமும் போனும் கொண்டுவந்துதான் படிக்கிறார்கள். அது தவறே இல்லை. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அந்த மேசை நமக்கானது. கூச்சப்படாமல் போய் உட்காருங்கள். நடப்பு நிகழ்வுகளுக்கு நாளிதழை அங்கேயே படித்துவிட்டால் போனைத் திறக்கிற வேலை ஒன்று குறையும். தமிழ்ப் பகுதிக்குப் பழைய நூல் ஏதாவது தேவைப்பட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பாருங்கள், இலவசம்தான்.

கடைசி மாதத்தில் தேர்வு எந்த வடிவத்தில் வருகிறதோ அதற்கே மாறிவிடுங்கள். குரூப் 4 தாளில்தான்: 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தேர்வாணையத் தளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் ஓஎம்ஆர் (வட்டங்களை நிரப்பும் விடைத்தாள்) மாதிரித் தாளில் நிரப்பிப் பழகுங்கள். விடை தெரியாத கேள்விக்கு E வட்டத்தை நிரப்புவதையும் சேர்த்துத்தான். வங்கி, எஸ்எஸ்சி (மத்திய அரசு வேலைக்கான தேர்வு), ரயில்வே எழுதுகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அவை கணினியில் நடப்பவை. நீளமான பத்தியைத் திரையில் படித்துக்கொண்டே கணக்கை மட்டும் தாளில் போட வேண்டியிருக்கும். அவற்றின் மாதிரித் தேர்வுகளைப் போனில் எழுதிப் பார்ப்பதோடு விடாமல், பிரவுசிங் சென்டரிலாவது மவுஸ் பிடித்து எழுதிப் பாருங்கள்.