சுங்கை சிப்புட்டிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு

ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் முடிவு வெளிவந்ததும், பேராக்கிலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் பெற்றோருக்கு விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய கவலை. பிள்ளைகளுக்குப் பாடம் கடினமாக இருக்குமோ என்ற கவலை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் பெரிய சிக்கல் இல்லை. வளாகத்தில் சோறும் கறியும் கிடைக்கும். ஆறாம் படிவத்தில் மூன்று பருவத் தேர்வுகளைத் தாண்டி வந்தவருக்குப் பாடமும் பிடிபட்டுவிடும். அங்கே யாரும் உங்களைப் படி படி என்று விரட்டமாட்டார்கள், திணறடிப்பது அதுதான்.

அப்பாவைக் கூப்பிட்டுப் புகார் சொல்ல வகுப்பாசிரியர் இல்லை. விரிவுரைக்குப் போகாமல் தூங்கினால் எழுப்ப ஆளில்லை. மதிப்பெண் மட்டும் வாரந்தோறும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறும் பள்ளிப் பழக்கம் இங்கே உதவாது. ஒரு பருவத்துக்கு 14 வார வகுப்பு. பல பாடங்களில் ஏறக்குறைய பாதி மதிப்பெண் இடுபணி (அசைன்மெண்ட்), சிறுதேர்வு, குழுவேலை, வகுப்பின் முன் பேசும் படைப்பு ஆகியவற்றிலேயே முடிந்துவிடும். முதல் வாரமே பாடத்திட்டத்தை வாங்கி, எதற்கு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். எல்லாப் பாடங்களின் கெடுநாள்களையும் ஒரே தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ஏழாவது வாரத்தை ஒட்டி மூன்று நான்கு வேலைகள் ஒன்றாக வந்து விழுவது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய், இப்போது திடீரென்று ஆங்கிலம். மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வில் நான்காம் பேண்ட் வாங்கியவர்கூட, சிறு குழுவாகக் கலந்து பேசும் டியூட்டோரியல் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவார். கோலாலம்பூர்ப் பிள்ளைகள் மடமடவென்று பேசுவதைக் கண்டு மிரள வேண்டாம். அவர்களில் பலர் கொடுத்த கட்டுரையைப் படிக்காமலேயே பேசுகிறவர்கள். வகுப்புக்கு முந்தின இரவே கட்டுரையைப் படித்து, இடறும் ஓர் இடத்தை ஆங்கிலத்தில் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள். "கூலி உயர்ந்தது என்கிறார் ஆசிரியர், அட்டவணையில் குறைந்திருக்கிறதே?" என்ற அளவில் இருந்தால் போதும். வகுப்பு தொடங்கிய சற்று நேரத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடப் போடப் படபடப்புதான் கூடும். இலக்கணம் பிசகினால் யாரும் சிரிப்பதில்லை. குழுவேலையில் "நான் ஸ்லைடு செய்கிறேன்" என்று ஒதுங்கிக்கொள்வது நம் பிள்ளைகளின் வழக்கம். அதை விடுங்கள். இரண்டு நிமிடமாவது முன்னே நின்று பேசும் பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

பணம்: அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் கடனுக்கு முதலில் எஸ்எஸ்பிஎன் என்னும் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். கடன்தொகை வகுப்பு தொடங்கிய அன்றே கைக்கு வராது. முதல் மாதச் செலவை வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் வகுப்புப் பட்டம் வாங்கினால், விதிகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இதைத் தெரியாமலேயே பலர் படித்து முடிக்கிறார்கள்.

அடுத்த ஆண்டும் விடுதியில் இடம் வேண்டுமென்றால் நடவடிக்கைகளில் பங்கெடுத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். தமிழ் மாணவர்கள் நடத்தும் சிறுகதைப் போட்டி, கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு, போய்ச் சேருங்கள். ஆனால் நம்மவர் கூட்டத்துக்குள்ளேயே படிப்புக் காலம் முழுவதையும் கழித்துவிட்டு, மலாய், சீன நண்பர் ஒருவர்கூட இல்லாமல் பட்டம் வாங்குகிறவர்களைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும். அதற்குச் சுங்கை சிப்புட்டிலேயே இருந்திருக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது, 1962இல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானது என்ற வரலாற்றை அறிமுக வாரத்தில் காது புளிக்கக் கேட்பீர்கள். நூலகத்தின் தமிழ் நூல் தொகுப்பைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்லமாட்டார்கள். நீங்களே தேடிப் போங்கள்.

பதிவு நாளன்று ரயிலில் போகிறவர்கள் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா தடத்தில் எல்ஆர்டி என்னும் நகர ரயில் எடுங்கள். நான்காவது நிலையத்தின் பெயர் யுனிவர்சிட்டி. பெயரை நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்காதீர்கள். வளாகம் அங்கிருந்து தள்ளி இருக்கிறது, பஸ் பிடிக்க வேண்டும்.