சோடா எழுத்து எவ்ளோ பெருசு

"அண்ணா, விளம்பரத்துல சோடாங்கற எழுத்து கண்ணுக்கே தெரியல, கொஞ்சம் பெருசு பண்ணிடவா?" டிசைனர் தம்பி கேட்டான். "கம்பெனிக்காரங்க கேட்டாங்களா? இல்லல்ல, விடு"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அவ்ளோதான் பேச்சு. ஏழு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

கேபிள் டிவி விதில 2000லயே மது விளம்பரத்துக்குத் தடை போட்டாச்சு, அதனால சரக்கு கம்பெனிங்க அதே பேர்ல சோடா, தண்ணி பாட்டில், மியூசிக் சிடின்னு காட்டும், நாங்க அதுக்கு பிராண்ட் எக்ஸ்டென்ஷன்னு கௌரவமா பேரு வச்சிருந்தோம். நாங்க பண்ண இந்த சோடா விளம்பரத்துலயும் சரக்கோட அதே பாட்டில் ஷேப், அதே தங்க பார்டர், மூலையில எறும்பு சைஸ்ல சோடா. மொட்டை மாடில நாலு பேர். எல்லாரும் இருபத்தஞ்சு தாண்டினவங்கன்னு பேப்பர் இருந்துச்சு, பாத்தா செகண்ட் இயர் பசங்க மாதிரி தான். "நாலு பேரு சேந்தா ராத்திரி நீளும்" என் வரி.

அக்கா பையன், அப்போ ப்ளஸ் ஒன், ஐபிஎல் நடுவுல அத அப்படியே சொல்லிக் காட்டினான். பெருமையா தான் இருந்துச்சு, பொய் சொல்லல. எதோட விளம்பரம்டான்னேன். "சரக்கு." சோடாடான்னா சிரிக்கிறான். "மாமா, அந்த சோடாவ எந்தக் கடைல பாத்திருக்கீங்க?" எழுதுன நானே ஒரு பாட்டில் பாத்ததில்ல.

அடுத்த வருஷம் ஃபேர்வெல் அன்னைக்கு குடிச்சிட்டு வந்தான்னு அக்கா போன்ல அழுதா. இதுக்கும் அதுக்கும் முடிச்சு போடக்கூடாதுன்னு தான் நினைக்கிறேன். அவங்கப்பா ஞாயித்துக்கிழமை ஹால்லயே உக்காந்து குடிக்கிறவரு, 21 வயசுன்னு சட்டம் இருந்தும் கடைல யாரும் கேக்கறதில்ல, டாஸ்மாக்குக்கு பச்சை போர்ட தவிர என்ன விளம்பரம், கூட்டம் கம்மியா? ஆனா விளம்பரத்தால ஒண்ணும் ஆகாதுன்னா எனக்கு எதுக்கு காசு குடுத்தாங்கன்னு யோசிச்சா அங்கயே நின்னுடுது.

2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி மறைமுக விளம்பரமே கூடாதுன்னு சொன்னப்போ எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி இல்ல, அப்பாடா இனி நாம முடிவு பண்ண வேண்டாம்ங்கற நிம்மதி.

போன மாசம் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது செஞ்ச வேலையெல்லாம் தொகுத்துக் காட்ட, அந்த விளம்பர ஃபைல தொறந்தேன். டிசைன்ல ஒரு அடுக்கு, லேயர்னு சொல்வோம், மறைச்சு வச்சிருக்கு, பேரு 'சோடா பெருசு'. தம்பி செஞ்சு தான் வச்சிருக்கான். ஆன் பண்ணிப் பாத்தேன், டிசைன் ஒண்ணும் கெடல. ஆஃப் பண்ணிட்டு தான் எக்ஸ்போர்ட் பண்ணேன்.