போங்கு

வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். நாலாம் வகுப்பு, 34 பிள்ளைகள். டீச்சர் தலை நிமிராமல் பெயர் படித்துக்கொண்டே போக, "உள்ளேன் டீச்சர்", "உள்ளேன் டீச்சர்" என்று சரவெடி மாதிரி வந்துகொண்டிருந்தது. டேப்லெட்டில் பொத்தானை அழுத்திப் பேசும் பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். அவன் பெயர் வந்ததும் அவன் கை அந்த டேப்பை நோக்கிக் கிளம்பும். மூளை முடக்குவாதம் உள்ள பையன், கை நினைத்த வழியில் போகாது. தோள் உயர்ந்து, கை ஒரு சுற்று சுற்றி, டேப்பின் ஓரத்தில் ஊன்றி, அப்புறம்தான் விரல் பொத்தானுக்கு வரும். ஏழெட்டு விநாடி ஆகும். அதற்குள் டீச்சர் அவனுக்குக் குறி போட்டுவிட்டு மூன்று பெயர் தாண்டியிருப்பார். நான்காவதாக ஒரு பெண் வாயைத் திறக்கும் நேரத்தில் டேப் கணீரென்று "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும். வகுப்பே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான், அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

நான் வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பள்ளிக்குப் போய்வரும் சிறப்பாசிரியர். பேச்சு வராத, அல்லது பேசினால் பிறருக்குப் புரியாத பிள்ளைகள் படப்பலகை, டேப் இவற்றின் வழியாகப் பேசுவதை எங்கள் வட்டத்தில் ஏஏசி என்போம். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது ரொம்ப எளிதாகத் தெரிந்தது. படத்தைத் தொட்டால் குரல் வரும், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. முதல் ஆண்டு நான் செய்தவை பெரும்பாலும் தப்பு. அவனுக்கு முதலில் போட்டுக் கொடுத்த பக்கத்தில் தண்ணீர், பாத்ரூம், பசி, வலி, நன்றி என்று 12 பொத்தான்கள். ஆஸ்பத்திரி நோயாளிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு போல. ஒன்பது வயதுப் பையன் நாள் முழுக்கத் தண்ணீரும் பாத்ரூமுமா கேட்டுக்கொண்டிருப்பான்? யாராவது மிட்டாய் கொடுத்தால் அவன் மணிக்கட்டைப் பிடித்து 'நன்றி'யை அழுத்த வைப்பேன், சுற்றி இருப்பவர்கள் "அட, எவ்வளவு அழகா சொல்றான்" என்பார்கள். சொன்னது அவன் இல்லை, நான். இது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

அதைவிடப் பெரிய தப்பு ஒரு அரையாண்டு விடுமுறையில் நடந்தது. பொத்தான்கள் தாறுமாறாக இருக்கின்றனவே என்று உட்கார்ந்து, நிறவாரியாக, வகைவாரியாக அடுக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பள்ளி திறந்த அன்று அவன் விரல் பழைய இடத்துக்கே போய் வேறு வேறு சொற்களை அழுத்தியது, நாலைந்து முறை முயன்றுவிட்டு டேப்பைத் தள்ளிவிட்டான். தட்டச்சு தெரிந்தவர் எழுத்தைத் தேடுவதில்லை, விரலுக்கே இடம் தெரியும். அவனுக்கும் அப்படித்தான். புதுச் சொல்லை வெற்று இடத்தில் சேர்க்கலாம், இருக்கிற சொல்லை நகர்த்தவே கூடாது. அன்று இரவே பழையபடி மாற்றினேன்.

தமிழில் இதைச் செய்வதற்கென்றே தனிப் பாடு ஒன்று இருக்கிறது. சென்னையிலேயே உருவான ஆவாஸ் மாதிரி தமிழ் தெரிந்த செயலிகள் இப்போது இருக்கின்றன, ஆனால் எங்களைப் போன்றவர்கள் கையில் முதலில் கிடைத்தது ஆங்கிலப் பலகை ஒன்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றி அச்சடித்த அட்டை. 'ஐ', 'வான்ட்', 'வாட்டர்' என்று ஆங்கிலப் பிள்ளை வரிசையாகத் தொட்டால் வாக்கியம் வந்துவிடும். நம் பிள்ளை அதே வரிசையில் தொட்டால் "நான் வேண்டும் தண்ணீர்". வகுப்பில் ஒருவன் இப்படிப் பேசினால் சும்மா விடுவார்களா? நமக்கு 'நான்' மட்டும் போதாது, எனக்கு, என்னை, என்கிட்ட, என்னோட எல்லாம் தனித்தனிப் பொத்தானாக வேண்டும். வினைச்சொல்லும் பலகையின் வலது பக்கம் இருந்தால்தான் விரல் தமிழ் வரிசையில் ஓடும். 'வா' என்ற ஒன்றுக்கே வந்தான், வந்தாள், வந்தாங்க, வரலை, வரமாட்டேன் என்று எத்தனை! எல்லாவற்றையும் போட முடியாது, "அம்மா நேத்து வா" என்று அவன் அழுத்தினால் "ஓ, அம்மா நேத்து வந்தாங்களா?" என்று நாம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டியதுதான். 'வேண்டும்' என்று தட்டினால் டேப் செய்தி வாசிப்பது போல வேண்டும் என்றே சொல்லும், அதனால் 'வேணும்' என்று எழுதி வைத்தோம். குரல் மட்டும் பெரிய பெண்மணியின் குரல்தான். "டேய், உனக்கு ஆன்ட்டி குரல்டா" என்று முதல் நாளே ஒருத்தன் சொன்னான். உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆங்கிலத்தில் செய்த ஆய்வுகளில், அன்றாடப் பேச்சில் ஏறத்தாழ 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். போ, வா, இன்னும், வேண்டாம், இது, யார் மாதிரியான சொற்கள். இவற்றைச் சேர்த்தபின் அவனிடம் இன்னும் என்னடா வேணும் என்று கேட்காமல், மதிய இடைவேளையில் பையன்கள் பேசுவதைச் சும்மா உட்கார்ந்து கேட்டேன். புக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைப் பட்டென்று பிரித்தால் பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். ஓரக்கண்ணால் பார்த்துப் பிரிப்பவனைப் பிடித்தால் ஒரே கூச்சல், "போங்கு! போங்கு!" நான் அந்தச் சொல்லைச் சேர்த்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவன்தான் அம்பயர். பக்கத்து பெஞ்சுக்காரன் ஆறாறாக அடித்துக்கொண்டிருந்தபோது கை சுற்றி வந்து ஒரே அழுத்து, ஆன்ட்டி குரலில் "போங்கு". அந்த ஆட்டத்தில் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் கை கிளம்பினால் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லும் "பிள்ளைக்கு நேரம் கொடுங்கள்" என்பதை யாரும் சொல்லித் தராமலே செய்தார்கள்.

அடுத்த வாரம் கணக்கு வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஒரு கழித்தல் போட்டார். கடன் வாங்கியதைக் குறைக்க மறந்துவிட்டார், யாருக்கும் நடப்பதுதான். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து "போங்கு" என்று குரல் வந்தது. டேப் நேராக மேசை டிராயருக்குள் போனது. நான் போனபோது இரண்டு நாளாக அங்கேயே இருந்தது. "சொல்லிக் கொடுக்கிற வார்த்தையைப் பார்த்துச் சொல்லிக் கொடுங்க மேடம்" என்றார் டீச்சர். தலைமையாசிரியர், செல்போன் மாதிரிதானே மேடம் இதுவும், வகுப்பில் எதற்கு என்ற பக்கம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே இந்த முறைகளும் வருகின்றன என்று எடுத்துக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் பேசினால் வாயைக் கழற்றி டிராயரில் வைப்பீர்களா என்று கேட்டிருக்க வேண்டும், அது எனக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் தோன்றியது.

டீச்சர் மீது எனக்குக் கோபம் இருந்தது. பிறகு டேப்பைத் திறந்து பார்த்தேன். வகுப்புப் பக்கத்தில் 'சரி' இருந்தது, 'தப்பு' இல்லை. 'டீச்சர், ஒரு சந்தேகம்' இல்லை. தப்பைத் தப்பு என்று சொல்ல அவனிடம் இருந்த ஒரே சொல் போங்கு, அதையும் நான்தான் கொடுத்திருந்தேன். இரண்டையும் சேர்த்தேன். அந்தக் கழித்தலை டீச்சரிடம் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு வருகைப் பதிவில் அவன் பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோய், பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

சார்ஜ் இறங்குவது இன்னும் தீராத தொல்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் டேப் படுத்துவிடும், வெயிலில் திரையும் தெரியாது. அதற்காக அதே பொத்தான்கள் அதே இடத்தில் இருக்கும்படி ஒரு தாளை அச்சடித்து லேமினேட் செய்து பையில் போட்டிருக்கிறோம். போன முறை பார்த்தேன், போங்கு கட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உரிந்து வந்திருக்கிறது. கீழே வெற்றாக விட்டிருந்த கட்டத்தில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் கோணலாக 'அவுட்' என்று எழுதியிருந்தார்கள். புதுத் தாள் அடிக்கும்போது அதையும் அதே இடத்தில் போட வேண்டும்.